கடல் கடந்து வந்த பியானோ: டெடி வெதர்போர்டு

காலைப் பணி தொடங்கும் வேளையில் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையோரம் சிறிது நேரம் நின்றால், இந்தியும் ஒடியாவும் வங்காளமும் நம் செவியில் விழும். கைத்தொழில் ஒன்றையே முதலாகக் கொண்டு பிறந்த மண்ணைப் பிரிந்து வந்தோரின் மொழிகள் அவை. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அவ்வாறே நம் நாட்டிற்கு வந்தவர்தாம் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர் டெடி வெதர்போர்டு. அவர் கைக்கொண்ட தொழில் பியானோ வாசித்தல்.

1903ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் போகஹொண்டாஸ் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில் அவர் பிறந்தார். இளமையில் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பியானோ பயின்றார். பின்னர்ச் சிகாகோ சென்று எர்ஸ்கின் டேட்டின் இசைக்குழுவில் இடம்பெற்றார். 1926இல் அக்குழுவின் இசைத்தட்டுகளில் லூயி ஆம்ஸ்ட்ராங்குடன் இணைந்து வாசித்தார்.

அவர் வாசித்தது ஜாஸ் இசை. மிருதங்கத்தின் தொப்பியும் வலந்தலையும் தத்தம் பணியைச் செய்வது போல, இடக்கை தாழ்ந்த சுரத்திற்கும் நடுச் சுரக்கூட்டிற்கும் மாறிமாறித் தாவித் தாளத்தைக் காக்கும். வலக்கை அத்தாளத்தோடு பிணங்கியும் இணங்கியும் இசையை விரிக்கும். அக்காலத்தில் ஐரோப்பியப் புதுமை இசைஞரையும் ஜாஸின் தாளநடை கவர்ந்தது. பிரான்சின் ராவெல் 1931இல் நிறைவு செய்த பியானோ கான்செர்ட்டோவில் அதன் சாயலை உணரலாம்.

1926இலேயே வெதர்போர்டு ஜாக் கார்ட்டரின் குழுவுடன் ஆசியாவிற்குக் கப்பலேறினார். சிகாகோவில் அவருடைய சமகாலப் பியானோ கலைஞரான ஏர்ல் ஹைன்ஸ், 1928இல் ஆம்ஸ்ட்ராங்குடன் செய்த இசைப்பதிவுகளால் பெரும்புகழ் எய்தினார். வெதர்போர்டோ அந்நாளில் கடலுக்கு அப்பால் இருந்தார். தாயகத்தில் கிட்டியிருக்கக்கூடிய புகழ் அவருக்குக் கைநழுவிற்று. ஆயினும், தென்மாநிலங்களில் நிறத்தால் மனிதரைப் பிரிப்பதே சட்டமாக இருந்த நாட்டில் பிறந்த அவர், ஷாங்காயில் புகழ்மிக்க இசைஞராகத் திகழ்ந்தார்.

1930களின் நடுப்பகுதியில் பம்பாய்த் தாஜ்மகால் ஹோட்டலுக்கு வந்தார். 1937இல் பாரிஸ் சென்று தனிப் பியானோ இசையைப் பதிவு செய்து திரும்பினார். கொழும்பிலும் வாசித்தார். இரண்டாம் உலகப் போரின்போது கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் அவர் நடத்திய குழுவில் அமெரிக்கரோடு பர்மியரும் நேபாளியரும் ஆங்கிலோ இந்தியரும் ஒருங்கே அமர்ந்து வாசித்தனர். நிறமும் நாடும் அங்கே தடையாகவில்லை.

அந்நகரின் தெருக்களிலோ 1943ஆம் ஆண்டின் பெரும்பஞ்சம் உயிர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. போர் முடியுமுன்னரே, 1945 ஏப்ரல் 25ஆம் நாள், காலரா நோய் வெதர்போர்டையும் கொண்டுசென்றது. அவருக்கு அப்போது வயது 41.

பிறந்த நாட்டில் ஹைன்ஸின் பெயர் நிலைத்த அளவிற்கு அவர் பெயர் நிலைக்கவில்லை. வாழ்ந்து மறைந்த நம் நாட்டிலும் அதனை அறிந்தோர் சிலரே. ஊர்விட்டு ஊர் வந்து உழைப்போரின் கைத்திறனை நாம் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். அவர்தம் பெயரைக் கேட்டறிய மறந்துவிடுகிறோம். நம் சாலையில் நாள்தோறும் நம்மைக் கடந்து செல்வோருள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்? வெதர்போர்டின் வாழ்வு நம்முன் வைக்கும் வினா இதுவே.