எல்.எம்.எஸ். சுப்பாராவ்

மார்க் ஷீட்டைப் பார்த்து மனம் உடையும் தம்பி தங்கைகளுக்காக, இன்ஜினீயரான நான் ஒரு மருத்துவரைப் பற்றி எழுதுகிறேன். எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். போய் எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. மனுஷன் அசரவில்லை. 1923-ல் பாஸ்டன் போய் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். 1940-ல் லெடர்லியில் சேர்ந்தார்.

அங்கே அவர் குழு உருவாக்கிய அமினோப்டெரின், ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும். ஆனால் பூட்டில் நுழைந்து சிக்கிக்கொள்ளும் கள்ளச்சாவி மாதிரி, செல்லைப் பெருக விடாது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது, தற்காலிகமாகத்தான். இந்த முடிவு வெளியான 1948-லேயே சுப்பாராவ் காலமானார்.

அதே வகை மருந்தான மெத்தோட்ரெக்சேட் இன்றும் அக்குழந்தைகளுக்குத் தரப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோர் பிழைத்து, பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர் வாங்கிய பட்டம் என்னவென்று அந்தப் பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை, தம்பி!