கான்சாகிபு கணக்கு

ஏலமலைச் சரிவிலே மூட்டை சுமந்து, போடிக் கடைவீதியிலே பட்டாளத்துக்கு ஆள் எடுப்பது பற்றி விசாரிக்கும் தம்பி! நான்காண்டு வேலை, பிறகு நால்வரில் ஒருவருக்கே நிரந்தரம் என்று 2022இல் வந்த அக்னிபத் கணக்கு உனக்குத் தெரியும். நான் சொல்வது பழைய கணக்கு.

பனையூர் மருதநாயகம், யூசுப்கான் ஆனான். கும்பினிச் சிப்பாய் ஆனான். குலம் கேட்கும் நாட்டிலே, போர்த்திறம் ஒன்றே அவனைச் சிப்பாய்களுக்கெல்லாம் கமாண்டண்ட் ஆக்கிற்று. திருச்சிப் போரிலே காட்டிய வீரத்துக்குத் தங்கப் பதக்கம்! 1759இல் மதுரைச் சீமையே கையில்! ஏலமும் மிளகும் சுமந்து கிடந்தால் கிட்டுமா இது?

கிட்டாதுதான். ஆனால் துப்பாக்கி யாருடையது? கும்பினிக்காக, 1761இல் பூலித்தேவன் கோட்டைகளை வீழ்த்தியவனும் அவனே. எனக்குக் கசக்கும் பக்கம் அது.

1763இல் நவாபுக்குப் பணிய மறுத்தான், கும்பினியையே எதிர்த்தான். மதுரைக் கோட்டை மாதக்கணக்கில் தாங்கிற்று. வெளியே இருந்த பீரங்கி சாய்க்கவில்லை. உள்ளே இருந்த துரோகம் சாய்த்தது. பதக்கம் தந்த கும்பினி வாய்மூடி நிற்க, 1764 அக்டோபர் 15இல் நவாப் அவனைத் தூக்கிலிட்டான். உடலைத் துண்டாடி ஊருக்கொன்றாக அனுப்பினராம். ஒரு துண்டு, உன் போடிக்குப் பக்கத்துப் பெரியகுளத்திலே புதைந்திருப்பதாகச் சொல்வார்கள்.