காத்திருந்த ஆய்வுக்கூடம்

சர்.சி.வி.ராமன் என்றதும் நோபல் பரிசு நம் நினைவுக்கு வரும். அந்தப் பரிசுக்கான ஆராய்ச்சியை அவர் செய்த கட்டடம் யாருடையது தெரியுமா? அரசாங்கம் கட்டியது அல்ல. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானதும் அல்ல. ஒரு டாக்டர் பலரிடம் நன்கொடை கேட்டு உருவாக்கியது! அவர் பெயர் மகேந்திரலால் சர்க்கார்.

வங்காளத்தில், ஹௌரா மாவட்டத்தில் உள்ள பாயிக்பாரா என்ற கிராமத்தில் 1833-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். ஒன்பது வயதில் தாயும் போய்விட்டார். கல்கத்தாவில் இருந்த தாய்மாமன்கள்தான் வளர்த்தார்கள். ஹேர் பள்ளியில் சம்பளம் கட்டாமல் படிக்க இடம் கிடைத்தது. அக்கறையாகப் படித்து, உதவித்தொகை பெற்று, இந்துக் கல்லூரியில் சேர்ந்தார்.

அவருக்குப் பிடித்தது அறிவியல். ஆனால், அதைப் படிக்க அந்தக் கல்லூரியில் வசதி இல்லை. மருத்துவக் கல்லூரிக்குப் போனால்தான் உண்டு. அதனால் அங்கே சேர்ந்தார். இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே, ஒளியைப் பற்றிச் சக மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்படி பேராசிரியர்களே அவரை அழைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்! 1863-இல் எம்.டி. பட்டம் பெற்றார். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டத்தை வாங்கிய இரண்டாவது நபர் அவர்.

தொழிலில் பேரும் புகழும் வளர்ந்த நேரத்தில் ஒரு சோதனை வந்தது. ஹோமியோபதி வைத்தியத்தைக் கடுமையாக எதிர்த்து வந்தவர் மகேந்திரலால். அதைப் பற்றிய ஒரு நூலுக்கு விமரிசனம் எழுத வேண்டியிருந்தது. நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்று, அந்த வைத்தியம் செய்பவருடன் சென்று நோயாளிகளைக் கவனித்தார். மனம் மாறிவிட்டது. 1867-இல் மருத்துவர்கள் கூடியிருந்த சங்கக் கூட்டத்திலேயே அதை வெளிப்படையாகச் சொன்னார். சங்கம் அவரை விலக்கியது. நோயாளிகளும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஹோமியோபதிக்குத் தகுந்த சான்று இல்லை என்பதுதான் இன்றைய மருத்துவ ஆய்வுகளின் முடிவு. ஆனால், தனக்கு உண்மை என்று பட்டதை அவர் மறைக்கவில்லை. நாளடைவில் நோயாளிகள் திரும்பி வந்தார்கள். 1885-இல் ராமகிருஷ்ண பரமஹம்சரின் தொண்டை நோய்க்கு வைத்தியம் பார்த்தவரும் இவர்தான்.

மருத்துவத்தைவிடப் பெரிய ஆசை ஒன்று அவருக்கு இருந்தது. அப்போது நம் நாட்டை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். அறிவியலை இந்தியர்கள் புத்தகத்தில் படிக்கலாம். சொந்தமாக ஆராய்ந்து பார்க்க இடம் கிடையாது. இந்தியர்களே பணம் போட்டு, இந்தியர்களே நடத்தும் ஓர் அறிவியல் நிலையம் வேண்டும் என்று 1869-இல் தம்முடைய மருத்துவ இதழில் எழுதினார். லண்டனில் இருந்த ராயல் இன்ஸ்டிடியூஷன் போல ஒன்று!

பணம் எளிதில் சேர்ந்துவிடவில்லை. ஆறு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, ஆராய்ச்சியெல்லாம் எதற்கு, கைத்தொழில் கற்றுத்தரும் பள்ளி போதாதா என்று ஒரு சாரார் வாதாடினார்கள். மகேந்திரலால் விட்டுக்கொடுக்கவில்லை. செயின்ட் சேவியர் கல்லூரிப் பேராசிரியரான லஃபோன் பாதிரியார் அவருக்குத் துணை நின்றார். அவர் பெல்ஜியம் நாட்டிலிருந்து வந்தவர்.

1876-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, கல்கத்தா பௌபஜார் தெருவில் 210-ஆம் எண் வீட்டில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. லாபம் சம்பாதிப்பது அதன் நோக்கமே அல்ல. காளிகிருஷ்ண தாகூர் என்ற செல்வந்தர் கருவிகள் வாங்க 25,000 ரூபாய் கொடுத்தார். விஜயநகரம் மகாராஜாவின் உதவியால் ஆய்வுக்கூடம் எழுந்தது. (இது ஹம்பி விஜயநகரம் அல்ல, இன்றைய ஆந்திராவில் உள்ள ஊர்.) மாலை நேரங்களில் சொற்பொழிவுகள் நடந்தன. லஃபோன் பாதிரியார் இயற்பியல் சோதனைகளைச் செய்து காட்டினார். மகேந்திரலாலும் பாடம் நடத்தினார். ஜகதீச சந்திர போஸ்கூட இங்கே உரையாற்றியிருக்கிறார்.

கேட்க ஆட்கள் வந்தார்கள். ஆராய ஆள் வரவில்லை! முழுநேரமும் ஆய்வு செய்பவருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டுமே. அதற்கு நிரந்தர நிதி தேவை. கட்டடத்துக்கும் கருவிக்கும் கொடுத்த பணக்காரர்கள், இதற்குப் போதுமான அளவு கொடுக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கேட்டுக் கேட்டு அவர் அலுத்துப் போனார். தம் முயற்சி தோற்றுவிட்டது என்ற ஏக்கத்துடனேயே 1904-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி காலமானார்.

மூன்றே ஆண்டுகள் கழிந்தன. 1907-இல், அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு வந்தார் 18 வயது இளைஞர் ஒருவர். திருச்சி அருகே திருவானைக்காவலில் பிறந்தவர். டிராமில் போகும்போது, பௌபஜார் தெருவில் கழகத்தின் பெயர்ப்பலகை அவர் கண்ணில் பட்டது. இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார். அப்போது கழகத்தின் செயலாளராக இருந்தவர் மகேந்திரலாலின் மகன் அமிர்தலால். இங்கே ஆராய்ச்சி செய்யலாமா என்று அந்த இளைஞர் கேட்டதும், அமிர்தலாலுக்கு எப்படி இருந்திருக்கும்! உடனே அனுமதி கொடுத்தார்.

அந்த இளைஞர்தான் ராமன். விடியற்காலையில் கழகத்துக்கு வருவார். பிறகு அலுவலகம் போவார். மாலையில் மறுபடி கழகம். இரவு வரை ஆய்வு. பல ஆண்டுகள் இப்படியே நடந்தது. அதன் பிறகு பேராசிரியராகி, மாணவர்களையும் அங்கேயே அழைத்து வந்தார். 18 சென்டிமீட்டர் அகலமுள்ள தொலைநோக்கி லென்ஸ் ஒன்றால் சூரிய ஒளியைக் குவித்து, திரவங்களுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். சிதறி வந்த ஒளியில் சிறு பகுதி நிறம் மாறியிருந்தது. அதுதான் ராமன் விளைவு. 1930-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது.

கண்டுபிடித்த நாள் 1928 பிப்ரவரி 28. உங்கள் பள்ளியில் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுவது அந்தத் தேதியில்தான். மகேந்திரலால் மறைந்து அப்போது 24 ஆண்டுகளும் ஐந்து நாட்களும் ஆகியிருந்தன.