மாகாணங்களுக்காக வாதாடிய தேசாதிபதி

ஒக்லாந்து அல்பேர்ட் பூங்காவில் சிலையாக நிற்கும் சேர் ஜோர்ஜ் கிறே யாரென நம்மவரில் பலர் அறியார். மாகாண சபை என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்த நாம் அறிந்திருக்க வேண்டிய மனிதர் அவர்.

1812இல் லிஸ்பன் நகரில் பிறந்தார். அதற்குச் சில நாள்களின் முன்னரே தந்தை ஸ்பெயினில் போர்க்களத்தில் மாண்டிருந்தார். 1845இல் நியூசிலாந்தின் தேசாதிபதியாக வந்த கிறே, மவோரி மொழியைக் கற்று அம்மக்களின் பழங்கதைகளைத் தொகுத்து நூலாக்கினார். 1852ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அவருடைய யோசனைகளுக்குப் பெரும் பங்குண்டு. ஒக்லாந்து உட்பட ஆறு மாகாணங்கள் தாமே தெரிவு செய்யும் சபையையும் தலைவரையும் பெற்றன. ஆயினும் வாக்குரிமை தனிச்சொத்தைச் சார்ந்திருந்தது. நிலத்தைப் பொதுவில் வைத்திருந்த மவோரியரில் மிகச் சிலருக்கே அது கிட்டியது. அவர்கள் தமது வழக்கப்படி தம்மை ஆளும் மாவட்டங்களை வகுக்க 71ஆம் பிரிவு இடமளித்தது. அப்பிரிவு 1986 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தும் ஒருநாளும் நடைமுறைக்கு வரவில்லை. 1957இல் கைச்சாத்தாகி மறு ஆண்டே கிழிக்கப்பட்ட பண்டா-செல்வா ஒப்பந்தம் நம் நினைவுக்கு வராமல் எப்படியிருக்கும்?

நிலம் பறிபோகாமல் காக்க மவோரியர் 1858இல் வைக்காட்டோவில் தமக்கென அரசர் ஒருவரை ஏற்படுத்தினர். 1861இல் இரண்டாம் முறை தேசாதிபதியாக வந்த கிறே, 1863 ஜூலையில் அவர்கள்மீது படையை ஏவினார். ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் பறிமுதலாயிற்று. அவர்களுடைய மொழியும் கதையும் தெரிந்தவர் செய்த காரியம் இது. இதை அறியாமை என்று மன்னிக்க நம்மால் இயலவில்லை.

1868இல் பதவி இழந்து கவாவு தீவில் ஒதுங்கியிருந்தவரை மாகாணப் பிரச்சினையே மீண்டும் அழைத்து வந்தது. ரயில் பாதைகளுக்கெனப் பெருங்கடன் வாங்கிய மத்திய அரசாங்கம், மாகாணங்களைத் தடையாகக் கண்டு ஒழிக்க முற்பட்டது. முன்னாள் தேசாதிபதி 1875இல் ஒக்லாந்து மாகாணத் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் தெரிவாகி, அதிகாரம் வெலிங்டனில் குவிவதைக் கடுமையாக எதிர்த்தார். பயனில்லை. மத்திய நாடாளுமன்றத்தின் சட்டமொன்றே போதுமாயிருந்தது. 1876 நவம்பர் 1ஆம் திகதி மாகாணங்கள் மறைந்தன.

1877இல் பிரதமராகி இரண்டாண்டு ஆண்டும் அவற்றை மீட்க அவரால் முடியவில்லை. 1898இல் லண்டனில் காலமானார். தந்தை செல்வா ஈப்போவில் பிறந்ததும் அவ்வாண்டிலேதான். வைக்காட்டோ மக்களிடம் பறித்த நிலத்துக்கு முடியரசு மன்னிப்புக் கோரும் சட்டத்தில் இரண்டாம் எலிசபெத் அரசி ஒப்பமிட்டது 1995 நவம்பரில்.