பிராங்க்ளின் இளமையிற் கற்ற வாணிகம்

கடை வைப்பதற்கு முதல் வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. அம்முதல் பணம் ஒன்றேயென்று எண்ணுவோர் நம்முட் பலர். பணம் கைக்கு வருமுன்னரே, பிள்ளைப் பருவத்திற் படியும் பழக்கங்கள் மற்றொரு முதலாய் நின்று ஒருவன் தொழிலைத் தாங்குகின்றன. இதனை விளக்குதற்குப் பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கையை யாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். மின்னலின் இயல்பை ஆராய்ந்தவரென்றும், அமெரிக்க நாட்டின் விடுதலைக்கு உழைத்தவரென்றும் உலகம் அவரைப் போற்றும். ஆயின் அவர் முதற்கண் ஓர் அச்சுத் தொழிலாளர், சிறு கடைக்காரர்.

அவர் 1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் பாஸ்டன் நகரிற் பிறந்தார். தந்தையார் ஜோசையா என்பவர் இங்கிலாந்திற் சாயத்தொழில் செய்தவர். குடியேறிய நாட்டில் அத்தொழில் குடும்பத்தைக் காக்கப் போதாமை கண்டு, மெழுகுவர்த்தி வார்த்தலையும் சவர்க்காரம் காய்ச்சுதலையும் மேற்கொண்டார். அவர்க்கு மக்கள் பதினெழுவர். ஆண்மக்களுள் இளையவர் பெஞ்சமின். இரண்டாண்டளவே பள்ளியிற் பயின்ற அவரைப் பத்தாம் வயதில் தந்தையார் தம் கடையில் அமர்த்தினார். திரி நறுக்குதல், அச்சுகளிற் கொழுப்பு வார்த்தல், கடையைப் பார்த்துக்கொள்ளுதல், ஏவிய இடத்திற்கு ஓடுதல் ஆகியன அவர் வேலைகள். அத்தொழிலில் அவர் மனம் பொருந்தவில்லை. கடலோடியாகப் போய்விட விரும்பினார்.

தந்தையார் தாமே தொழில் மாறியவராதலின் மகனை வலிந்து கட்டிவைக்கவில்லை. அவரை அழைத்துக்கொண்டு தெருத் தெருவாய்ச் சென்று, தச்சர், கொத்தர், கடைசற்காரர், கன்னார் ஆகியோர் வேலை செய்வதைக் காட்டினார். மகன் மனம் எதிற் செல்கின்றதென்று கூர்ந்து நோக்கினார். முடிவில், நூல்களின்மேல் அவர்க்கிருந்த வேட்கையை அறிந்து, 1718-இல் அச்சுக்கூடம் வைத்திருந்த தமையனார் ஜேம்ஸிடம் தொழில் பழக விடுத்தார். மகனுக்கேற்ற தொழிலைத் தேடித் தந்தை நடந்த அந்நடையே பிற்காலச் செல்வத்திற்கெல்லாம் வித்தாயிற்று.

அவர் இளமையிற் கற்ற பாடங்களுள் இரண்டு குறிக்கத்தக்கன. ஏழு வயதில் ஒரு விடுமுறை நாளன்று அவர் பையிற் செப்புக் காசுகள் நிறைந்திருந்தன. வழியில் ஒரு சிறுவன் ஊதிய ஊதலின் ஒலியில் மயங்கி, காசு முழுவதையும் கொடுத்து அதனை வாங்கினார். நான்கு மடங்கு விலை கொடுத்து வந்தாரென்று உடன்பிறந்தார் நகைக்கவே, அழுதார். எழுபது வயது கடந்த பின்னும் அதனை மறவாது ஒரு கடிதத்தில் எழுதினார். எப்பொருளுக்கும் தகுதிக்கு மிஞ்சிய விலை கொடாமை அன்றே அவர் நெஞ்சிற் பதிந்தது.

மற்றொன்று கற்களைப் பற்றியது. மீன் பிடிக்கும் சேற்று நிலத்தில் நிற்பதற்கு ஒரு மேடை அமைக்கக் கருதி, வீடு கட்ட வைத்திருந்த கற்களைத் தோழரோடு மாலை நேரத்தில் தூக்கிச் சென்றுவிட்டார். பயனுள்ள செயல்தானே என்று வாதித்த மகனுக்கு, நேர்மையில்லாத எதுவும் பயனுடையதாகாது என்பதைத் தந்தையார் தெளிவித்தார்.

தமையனாரோடு பிணங்கி 1723-இற் பிலடெல்பியாவை அடைந்தவர், 1728-இல் மெரிடித் என்னும் பங்காளியுடன் அங்கே அச்சுக்கூடம் நிறுவினார். அச்சுப்பொறியை நிறுத்திய உடனே, நண்பரொருவர் தெருவிற் கண்ட நாட்டுப்புறத்தார் ஒருவரை அழைத்து வந்தார். அவர் தந்த ஐந்து சில்லிங் பின்னர் வந்த பெருந்தொகைகளினும் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஓரிரவு, கோத்து முடித்த எழுத்துப் படிவம் சிதறி இரண்டு பக்கங்கள் குலைந்தன. எழுத்துகளைப் பிரித்திட்டு மீண்டும் கோத்த பின்னரே அவர் உறங்கச் சென்றார். வாங்கிய காகிதத்தைத் தாமே தள்ளுவண்டியில் வைத்துத் தெருவழியே கொண்டுவந்தார். இவற்றைக் கண்ட ஊரார் நம்பிக்கை வைத்தனர்.

பொறியின் விலைப் பாக்கிக்காக வழக்குத் தொடரப்பட்டபோது, கோல்மன், கிரேஸ் என்னும் நண்பர் இருவர், ஒருவர் வந்தது மற்றவர்க்குத் தெரியாமலே தனித்தனி வந்து பணம் கொடுக்க முன்வந்தனர். 1730 முதல் மனைவியார் டெபோரா தாள் மடித்தும், சுவடி தைத்தும், கடை பார்த்தும், காகிதம் செய்வோர்க்கு வேண்டும் கந்தற்றுணி வாங்கியும் துணை நின்றார். சார்லஸ்டன் நகரிற் பிராங்க்ளினின் பங்காளியாக இருந்தவர் கல்வியுடையவர், ஆயினும் கணக்கறியாதவர். அவர் 1738-இல் இறந்தபின், ஆலந்து நாட்டிற் கணக்குப் பயின்றிருந்த அவர் மனைவியார் எலிசபெத் திமோதி மூன்று திங்களுக்கொருமுறை தவறாது கணக்கனுப்பி, மக்களையும் வளர்த்து, முடிவில் அவ்வச்சுக்கூடத்தையே விலைக்கு வாங்கினார். பெண்மக்கட்குக் கணக்குக் கற்பித்தல் இன்றியமையாததென்று பிராங்க்ளின் எழுதியது இதனைக் கண்டேயாம்.

அவரிடம் குற்றமில்லையென்று யாம் கூறோம். அடிமைகளை விற்கும் விளம்பரங்கள் அவர் செய்தித்தாளில் வெளிவந்தன; அவரும் அடிமைகளை வைத்திருந்தார். கற்களாற் பெற்ற பாடம் இங்கே நெடுநாள் மறக்கப்பட்டது. முதுமையில் தெளிந்து, 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்திற்குத் தலைவரானார். 1790-இல் அடிமைமுறையை ஒழிக்குமாறு நாட்டுப் பேரவைக்கு விண்ணப்பமும் செய்தார். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் காலமானார்.

அவர் இறுதிமுறியின்படி பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆயிரம் பவுன் வீதம் சேர்ந்தது. தொழில் பழகி முடித்த, இருபத்தைந்து வயதிற்குட்பட்ட, மணமான கைத்தொழிலாளர்க்கு நூற்றுக்கு ஐந்து வட்டியில் அதனைக் கடனாகக் கொடுத்து உதவுமாறு விதித்தார். இளமையில் நண்பர் இருவர் செய்த உதவியின் நினைவே அதற்குக் காரணம்.

சங்கத்து அன்பர்களே! நம் பிள்ளைகளுக்கு எத்துணைப் பொருள் வைத்துச் செல்வோமென்பது நம் கையில் முழுதும் இல்லை. வரும் விடுமுறையில் மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு பட்டறைகளையும் கடைகளையும் காட்டி வருதல் நம் கையில் உள்ளது. பெண்மக்கட்குக் கணக்கேடு எழுதக் கற்பித்தலும், தொழில் தொடங்கும் இளைஞனுக்கு முதல் ஐந்து சில்லிங்காய் நாம் அமைதலும் அத்தகையனவே. இவற்றை இவ்வாண்டே தொடங்குவோமாக.