தானே போய்த் தானே திரும்பும்!
(விஞ்ஞானி ஜோசப் ஹென்றியின் கதை)



பொம்மை ரயில் என்றால் உங்களில் யாருக்குத்தான் பிடிக்காது? வட்டத் தண்டவாளத்தில் சுற்றிச் சுற்றி வரும் ரயிலைக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். நேர்த் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரப் பொம்மை ரயிலும் உண்டு. அது ஒரு முனையிலிருந்து புறப்படும். மறுமுனையில் உள்ள குட்டி நிலையத்தில் போய் நிற்கும். சிறிது நேரம் கழித்து, யாரும் தொடாமலே வந்த வழியே திரும்பும். புறப்பட்ட இடத்துக்கு வந்ததும் மறுபடியும் நிற்கும், மறுபடியும் கிளம்பும். நாள் முழுதும் இப்படியே போவதும் வருவதுமாக இருக்கும்.

அதைத் திருப்பி விடுவது யார்? ஓட்டுநரும் இல்லை, கொடி காட்ட ஆளும் இல்லை. அப்படியானால் எப்படி?

இதற்கு விடை தேடினால் நாம் 1831ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். அந்த ஆண்டில் அமெரிக்காவில் ஒரு பள்ளி ஆசிரியர், மின்சாரத்தால் தானே போய்த் தானே திரும்பும் ஒரு சிறு கருவியைச் செய்தார். அவர் பெயர் ஜோசப் ஹென்றி. வாருங்கள், அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

முயலும் புத்தகமும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி என்று ஒரு நகரம் இருக்கிறது. அங்கே 1797ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் ஹென்றி பிறந்தார். தந்தை கூலி வேலை செய்பவர். குடும்பத்தில் வறுமை. அதனால் சிறு வயதிலேயே ஹென்றியைக் கால்வே என்ற கிராமத்தில் உறவினர் வீட்டுக்கு அனுப்பி விட்டார்கள். அங்கே பள்ளிக்கூடம் போய் வந்த நேரம் போக, ஒரு கடையில் எடுபிடி வேலை செய்தார்.

ஒரு நாள் அவர் வளர்த்த முயல் தப்பி ஓடி, ஊர்த் தேவாலயத்தின் அடியில் புகுந்து கொண்டதாம். அதைப் பிடிக்க ஊர்ந்து போன ஹென்றி, தரையில் இருந்த ஓட்டை வழியாக ஓர் அறைக்குள் நுழைந்தார். அறை நிறையக் கதைப் புத்தகங்கள்! முயலை மறந்துவிட்டுப் படிக்க உட்கார்ந்து விட்டார் என்று சொல்வார்கள்.

தந்தை இறந்த பிறகு ஹென்றி ஆல்பனிக்குத் திரும்பினார். கடிகாரமும் வெள்ளிச் சாமான்களும் செய்யும் ஒருவரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஆனால் மனம் அதில் ஒட்டவில்லை. நாடகப் பைத்தியம் பிடித்துக் கொண்டது. நடிகராகவே ஆகிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

பதினாறு வயதில் உடல்நலமில்லாமல் வீட்டில் படுத்திருந்தார். அப்போது, அவர்கள் வீட்டில் குடியிருந்த ஒருவர் வைத்திருந்த அறிவியல் புத்தகம் கண்ணில் பட்டது. பொழுதுபோகாமல்தான் அதைப் பிரித்தார். நாம் தினமும் பார்க்கும் சாதாரணக் காட்சிகளுக்கெல்லாம் ஏன், எதனால் என்று அந்தப் புத்தகம் கேள்வி கேட்டது. ஹென்றிக்குத் தூக்கி வாரிப்போட்டது. இதையெல்லாம் நாம் யோசித்ததே இல்லையே! நாடகத்தை விட்டார்; படிப்பைப் பிடித்தார். புத்தகத்துக்கு உரியவர், பையனின் ஆர்வத்தைப் பார்த்து அதை அவருக்கே கொடுத்து விட்டார்.

1819இல், தம்மைவிட வயதில் சிறிய பையன்களோடு ஆல்பனி அகாடமி என்ற பள்ளியில் படிக்கத் தொடங்கினார். சம்பளம் கட்டப் பணமில்லை. பள்ளி அவரை இலவசமாகச் சேர்த்துக் கொண்டது. சாப்பாட்டுச் செலவுக்கு மற்றப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1826இல் அதே பள்ளியில் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர் ஆனார்.

பட்டு சுற்றிய கம்பி

இரும்பு ஆணியில் கம்பியைச் சுற்றி, பேட்டரியில் இணைத்து, குண்டூசிகளைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அதுதான் மின்காந்தம். இங்கிலாந்தில் வில்லியம் ஸ்டர்ஜன் என்பவர் 1820களில் முதல் மின்காந்தத்தைச் செய்தார். அது சுமார் 4 கிலோ எடையைத் தூக்கியது. அவர் சுற்றியது வெறும் கம்பி. சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டால் மின்சாரம் முழுக் கம்பியையும் சுற்றி வராமல் குறுக்கு வழியில் போய்விடும் அல்லவா? அதனால் இடைவெளி விட்டு, சில சுற்றுகளே சுற்ற முடிந்தது.

ஹென்றி ஒரு காரியம் செய்தார். கம்பியின் மேல் பட்டு இழையைச் சுற்றினார். இனிச் சுற்றுகள் தொட்டாலும் கவலை இல்லை. நெருக்கமாக, ஒன்றன் மேல் ஒன்றாக, அடுக்கடுக்காகச் சுற்றலாம். விளைவு என்ன தெரியுமா? 1831இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்து கொடுத்த மின்காந்தம், 900 கிலோவுக்கும் அதிகமான எடையைத் தாங்கியது! அந்தக் காலத்தில் உலகத்தில் வேறெங்கும் அப்படி ஒரு காந்தம் இல்லை.

இத்தனை வேலையையும் அவர் எப்போது செய்தார் என்று நினைக்கிறீர்கள்? பள்ளி நாட்களில் வகுப்புகளுக்கே நேரம் சரியாக இருக்கும். ஆகஸ்டு மாதம் விடுமுறை விடுவார்கள். அப்போதுதான் பெரிய கூடம் காலியாகும். அந்த ஒரு மாதந்தான் அவருக்கு ஆராய்ச்சிக் காலம். பள்ளி திறந்ததும் கருவிகளைச் சுருட்டி வைத்துவிட வேண்டும்.

ஏற்றப்பலகை போல ஒரு கருவி

இப்போது நம் கதையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1831இல் ஹென்றி செய்த அந்தச் சிறு கருவியை மனக்கண்ணில் பாருங்கள்.

பூங்காவில் இருவர் இரு பக்கமும் அமர்ந்து ஏறி இறங்கி ஆடும் பலகை இருக்கிறதல்லவா? அதைப் போல ஒரு சிறிய இரும்புத் துண்டு, நடுவில் ஓர் அச்சின் மேல் படுத்திருக்கிறது. அதன் மேல் கம்பி சுற்றியிருக்கிறது. ஆகவே அது ஒரு மின்காந்தம். இரு முனைகளுக்கும் கீழே ஒவ்வொரு சாதாரணக் காந்தம், வடமுனை மேல் நோக்கி நிற்கிறது. கம்பியின் நுனிகள் இரு பக்கமும் நீட்டிக் கொண்டிருக்கின்றன. அந்த நுனிகளுக்குக் கீழே பாதரசம் நிரம்பிய சிறு கிண்ணங்கள். அவை அந்தந்தப் பக்கத்து மின்கலத்தோடு இணைந்திருக்கின்றன.

வலது பக்கம் கீழே இறங்குகிறது. கம்பி நுனிகள் பாதரசத்தில் தோய்கின்றன. உடனே மின்சாரம் பாய்ந்து, வலது முனை வடமுனையாகிறது. கீழேயும் வடமுனை. ஒரே வகை முனைகள் ஒன்றையொன்று தள்ளும் என்று படித்திருப்பீர்கள். ஆகவே வலது பக்கம் மேலே போகிறது. இடது பக்கம் கீழே வருகிறது. இப்போது இடது பக்கத்து நுனிகள் பாதரசத்தில் தோய்கின்றன. இந்தப் பக்கத்து மின்கலமோ மாற்றி இணைக்கப்பட்டது! மின்சாரம் எதிர்த்திசையில் பாய்கிறது. இப்போது இடது முனை தள்ளப்பட்டு மேலே போகிறது. இப்படி ஒரு நிமிடத்துக்கு 75 தடவை அது ஆடியது.

கவனித்தீர்களா? ஒரு முனைக்குப் போய்ச் சேர்ந்ததுமே, திரும்பி வருவதற்கான மின்சாரத்தை அந்தக் கருவி தானே வரவழைத்துக் கொள்கிறது. போய்த் திரும்பும் எந்தத் தானியங்கிக் கருவிக்கும் இதுதான் உயிர்நாடி. ஹென்றியோ இதை ஓர் அறிவியல் பொம்மை என்றே கருதினார். ஆனாலும் பின்னாளில் இந்தத் தத்துவம் பயன்படக்கூடும் என்று எழுதி வைத்தார்.

கொல்லர் செய்த ரயில்

ஹென்றியின் மின்காந்தங்கள் நியூயார்க் மாநிலத்தில் கிரவுன் பாயிண்ட் என்ற இடத்தில் இருந்த இரும்பு ஆலைக்குப் போயின. இரும்புத் தாதுவைப் பிரிக்கும் கருவிக்கு அங்கே அவை உதவின. தாமஸ் டேவன்போர்ட் என்ற கொல்லர் 1833இல் அந்த அதிசயத்தைப் பார்க்கப் போனார். இரும்பு வாங்க வைத்திருந்த பணத்தைக் கொண்டும், சகோதரரின் குதிரையை விற்றும் ஒரு மின்காந்தத்தையே வாங்கி வந்து விட்டார்! அதைப் பிரித்துப் பார்த்து, சுழலும் மின்மோட்டாரைச் செய்தார். 1835இல் வட்டத் தண்டவாளத்தில் மின்சாரத்தால் ஓடும் சிறு வண்டியையும் ஓட்டிக் காட்டினார். ஆம், நீங்கள் ஆசைப்படும் மின்சாரப் பொம்மை ரயிலின் பாட்டனார் அதுதான்!

விரல் நுனி பலம்

1832இல் ஹென்றி, இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கல்லூரிக்குப் பேராசிரியராகப் போனார். அங்கே 1835 வாக்கில் இன்னொன்றைக் கண்டறிந்தார். நீண்ட கம்பி வழியே வரும் மின்சாரம் பலவீனமாக இருக்கும். அதால் பெரிய வேலை செய்ய முடியாது. ஆனால் ஒரு சிறிய மின்காந்தத்தை இயக்க முடியும். அந்தச் சிறிய காந்தம் ஓர் இணைப்பைத் திறந்து மூடினால் போதும். அந்த இணைப்பு வழியே வேறொரு பெரிய மின்கலத்தின் பலம் முழுதும் பாயும். விரலால் சுவிட்சைத் தட்டினால் பெரிய மின்விசிறி சுற்றுவது போலத்தான். இங்கே விரலின் வேலையைக் காந்தம் செய்கிறது. இதற்கு ரிலே என்று பெயர்.

இனி, நாம் முதலில் கேட்ட கேள்விக்கு விடை சொல்லலாம். பொம்மை ரயிலுக்கு இரண்டு தண்டவாளங்களும்தான் மின்கம்பிகள். இதில் நேர், அதில் எதிர் என்று இணைத்தால் ரயில் முன்னே போகும். மாற்றி இணைத்தால் பின்னே வரும். இரு கோடியிலும் தண்டவாளத்தில் ஒரு சிறு துண்டைத் தனியாக வெட்டி, டயோடு என்ற சிறு பொருளால் இணைத்திருப்பார்கள். டயோடு என்பது மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை. கோடிக்கு வந்த ரயிலுக்கு மேற்கொண்டு மின்சாரம் வராது, நின்றுவிடும். சில விநாடிகள் கழித்து, நேரம் காட்டும் சிறு சுற்று ஒன்று ரிலேயை இயக்கும். ரிலே நேரையும் எதிரையும் மாற்றிவிடும். இப்போது டயோடு வழி விடும். ரயில் திரும்பும்! கருவியின் உருவம் மாறியிருக்கிறது. ஆனால் கோடியில் மின்சாரத்தைத் திருப்பு என்ற எண்ணம் ஹென்றியின் எண்ணமே. திருப்புகிற ரிலேயும் அவர் காட்டிய வழியே.

நழுவிய புகழ்

ஹென்றியின் கதையில் வருத்தமான பக்கமும் உண்டு. காந்தத்தால் மின்சாரத்தை உண்டாக்க முடியும் என்பதை அவர் தாமாகவே கண்டறிந்தார். ஆனால் வெளியிடத் தாமதித்தார். அடுத்த விடுமுறை வரட்டும், இன்னும் பெரிய கருவியோடு செய்து பார்ப்போம் என்று காத்திருந்தார். அதற்குள் இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1831இல் அதை அறிவித்து விட்டார். புகழ் ஃபாரடேக்குப் போனது, அது நியாயமும்கூட. ஹென்றி அவர்மேல் பொறாமைப்படவில்லை. 1837இல் இங்கிலாந்து சென்றபோது அவரைச் சந்தித்து நட்புக் கொண்டார். 1832இல் தன்மின்தூண்டல் என்பதை முதலில் வெளியிட்ட பெருமை ஹென்றிக்குக் கிடைத்தது.

அடுத்தது தந்தி. ஆல்பனியிலேயே ஒரு மைலுக்கு மேல் நீளமான கம்பியைக் கூடத்தைச் சுற்றி ஓட்டி, மறுமுனையில் மணி அடிக்கச் செய்தவர் ஹென்றி. அவர் எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. அறிவு எல்லோருக்கும் பொது என்பது அவர் கொள்கை. தந்திக் கருவி செய்ய முயன்ற சாமுவேல் மோர்ஸ் வந்து கேட்டபோது, தயங்காமல் ஆலோசனை சொன்னார். 1844இல் மோர்ஸின் தந்தி வெற்றி பெற்றது. பிறகு வழக்குகள் வந்தன. நீதிமன்றம் அழைத்ததால் ஹென்றி சாட்சி சொன்னார். தமக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னார். கோபம் கொண்ட மோர்ஸ் 1855இல் அவரைத் தாக்கி எழுதினார். ஹென்றி வாய்ச் சண்டைக்குப் போகவில்லை. தாம் பணியாற்றிய நிறுவனத்தையே விசாரிக்கச் சொன்னார். ஆவணங்களைப் பார்த்த குழு, ஹென்றியின் பக்கமே நியாயம் என்று கூறியது.

அது எந்த நிறுவனம்? வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம். 1846இல் அதன் முதல் செயலாளராகப் பொறுப்பேற்ற ஹென்றி, சாகும்வரை அங்கேயே உழைத்தார். பல ஊர்களிலிருந்து தந்தி மூலம் வானிலைச் செய்தி வரவழைத்து, பெரிய வரைபடத்தில் எல்லோரும் பார்க்கக் குறித்து வைத்தார். ஆண்டுகள் பல ஆகியும் சம்பள உயர்வை ஏற்க மறுத்தார். 1865 ஜனவரியில் கட்டடத்தில் தீப்பிடித்தது. அவருடைய கடிதங்களும் குறிப்புகளும் ஏராளமாக எரிந்து போயின. அப்போது அவருக்கு வயது 67. மனம் தளராமல் தொடர்ந்து பணியாற்றினார். 1875இல் தொலைபேசி எண்ணத்தோடு வந்த கிரகாம் பெல் என்ற இளைஞருக்கும் ஊக்கம் சொல்லி அனுப்பினார்.

1878ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் ஹென்றி காலமானார். 1893இல் சிகாகோவில் கூடிய மின்னியல் மாநாடு, மின்தூண்டலின் அலகுக்கு ஹென்றி என்று பெயரிட்டது. பழைய குழல்விளக்கில் சோக் என்ற பெட்டி ஒன்று இருக்குமே, அதற்குள் இருக்கும் கம்பிச்சுருளின் திறனை அளப்பது அந்த ஹென்றியால்தான்!

குழந்தைகளே! ஓர் இரும்பு ஆணி, பூச்சுப் பூசிய செப்புக் கம்பி, ஒரு டார்ச் செல் இவற்றை எடுத்துக் கொள்ளுங்கள். மின்காந்தம் செய்து பாருங்கள். சுவரில் உள்ள மின்சாரத்தை மட்டும் தொடவே கூடாது. கம்பி சூடாகும், ஆகவே சில விநாடிகளில் இணைப்பை எடுத்து விடுங்கள். பத்துச் சுற்றுக்கு எத்தனை குண்டூசி, இருபது சுற்றுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணியதை அன்றைக்கே நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். நண்பர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுப்பதை ஹென்றியின் வெற்றியிலிருந்தும், உடனே எழுதி வைப்பதை அவர் இழந்ததிலிருந்தும் நாம் கற்றுக் கொள்ளலாம்.