புதுக்கோட்டை தந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் வீட்டுப் பெண்மக்கள் கருவுற்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்து பெறும் அரசு நிதியுதவி யாருடைய பெயரால் வழங்கப்படுகிறது என்பதை நாம் அறிவோம். அந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதையும், கல்விக்காக அவர் பட்ட பாட்டையும் நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

1886-ஆம் ஆண்டு ஜூலை 30-இல் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் மன்னர் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நிலவிய குலத்தைச் சேர்ந்தவர். பருவமடைந்த பெண்ணின் படிப்பை நிறுத்துவது அக்கால நடைமுறை. தந்தையோ வீட்டிலேயே பாடம் கற்பித்து, மகளை மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறச் செய்தார்.

அதன்பின் மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பியது. ஆண்கள் பயிலுமிடத்தில் ஒரு பெண்ணா என்றனர் சிலர். தாயாரின் குலத்தைச் சுட்டிக்காட்டினர் வேறு சிலர். சமஸ்தானத்தை ஆண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த ஆட்சேபங்களை ஒதுக்கி, அனுமதியும் உதவித்தொகையும் அளித்தார். வகுப்பில் திரைக்குப் பின் அமர்ந்தே அவர் பாடம் கேட்டார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார்.

1926-இல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே அதன் துணைத் தலைவரானார். இந்தியாவின் கல்வி நிலையை ஆராய 1928-இல் அமைந்த ஹார்டாக் குழுவிலும் உறுப்பினராக இருந்தார். முஸ்லிம் மாணவியருக்குத் தனி விடுதி கிடைக்கவும் பாடுபட்டார் என்பதை நம் சமுதாயம் நன்றியுடன் நினைவுகூர வேண்டும்.

பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் முனைந்தபோது, மத விஷயத்தில் அரசு தலையிடலாமா என்ற கேள்வி எழுந்தது. வழக்கம் வேறு, மதம் வேறு என்று அவர் உறுதியாக நின்றார். 1929-இல் வந்த சட்டத் திருத்தம், அப்பெண்களைக் கோயில் பணியிலிருந்து விடுவித்தது; அவர்கள் அனுபவித்து வந்த மானிய நிலமும் அவர்களிடமே நிலைத்தது. முழுமையான தடைச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லமும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரிலிருந்து எழுந்து, 1954-இல் திறக்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவர் பெயரை நிலைநிறுத்துகின்றன. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-இல் மறைந்தார்.

பிற சமயத்தாரின் வழக்கத்தைக் குறை கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. வழக்கத்தை மார்க்கமென்று எண்ணிக்கொள்ளும் நிலை நம்மிடமும் உண்டு. பெண்பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாள், படித்தது போதும் என்று நிறுத்துவது ஷரீஅத்தின் சட்டமன்று, ஊர் வழக்கமே. இறங்கிய முதல் வஹீயே ஓதுதலைப் பற்றியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஸஹாபாப் பெருமக்களே மார்க்கச் சட்டங்களைக் கேட்டுத் தெளிந்தார்கள்.

அன்று ஒரு பெண் கல்லூரிக்குள் நுழைய மன்னரின் ஆணை தேவைப்பட்டது. இன்று அரசுப் பள்ளியிலும் கல்லூரியிலும் நம் பிள்ளைகளைத் தடுப்பார் இல்லை. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்கள் உயர்கல்வி பெற மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டத்தையும் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. ஆனால் அரசு கதவைத்தான் திறக்க முடியும். பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வேண்டியது பெற்றோரே. நாராயணசாமி ஐயர் வீட்டில் கற்பிக்காதிருந்தால் மன்னரின் அனுமதிக்கே வேலை இருந்திராது.

ஆகவே, மக்தபில் தீனியாத் ஓதும் நம் பெண்மக்கள் பள்ளிப் படிப்பையும் இடையில் விடாதிருக்கப் பெற்றோர் உறுதி கொள்ள வேண்டும். வசதியற்ற வீட்டுப் பிள்ளை கட்டணம் இன்றி நின்றுவிடாமல் ஜமாஅத்தார் பார்த்துக்கொள்ள வேண்டும். வல்ல அல்லாஹ் நம் மக்களுக்குப் பயனுள்ள இல்மை வழங்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.